முட்டுச்சந்தில் ஒரு வீடு: ஜெஃப்ரி பாவாவின் கதை



நம் அடுக்ககத்தில் எத்தனை வீடுகளில் இப்போது வேலையும் நடக்கிறது என்று ஒரு நாள் படியேறும்போது கவனித்துப் பாருங்கள். ஒரு கதவுக்குப் பின்னால் தையல் மெஷின் ஓடும். இன்னொரு வீட்டு வாசலில் டியூஷன் பிள்ளைகளின் செருப்பு வரிசையாகக் கிடக்கும். மேல்மாடியில் யாரோ நள்ளிரவு வரை லேப்டாப்பில் வெளிநாட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். வீட்டுக்குள் தொழில் வந்துவிட்டது. அதற்கு எங்கே இடம் கொடுப்பது, எங்கே நிறுத்துவது என்பதுதான் ஒவ்வொரு வீட்டிலும் பேச்சு, சங்கக் கூட்டத்திலும் அதே பேச்சு.

தருவைகுளத்தில் கடலுக்குப் போகும் குடும்பங்களுக்கு இது பெரிய புதினமில்லை. வலை பழுது பார்ப்பதும் கருவாடு காயப்போடுவதும் வீட்டைச் சுற்றித்தான். வாசலும் முற்றமும் இருந்ததால் அது நடந்தது. நாம் அந்த வாசலையும் முற்றத்தையும் விட்டுவிட்டு இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், ஒரு பால்கனி என்று வந்துவிட்டோம். வேலை மட்டும் பின்னாலேயே வந்துவிட்டது.

இந்த இதழில் உங்களுக்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லலாம் என்று நினைத்தேன். நமக்கு எதிர்க்கரைக்காரர். நம் மூத்தவர்களுக்குக் கொழும்பு என்பது வெளிநாடு மாதிரியே இருந்ததில்லை. தூத்துக்குடியில் கப்பல் ஏறினால் ஓர் இரவுப் பயணம். வ.உ.சி. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியதே இந்தத் தடத்தில் ஓட்டத்தான். அந்தக் கொழும்பில், கார் திரும்பவும் சிரமப்படும் ஒரு முட்டுச்சந்தில், வரிசையாக இருந்த நாலு சின்ன வீடுகளை ஒன்றாக்கி, தான் வாழவும் பிறகு வேலை செய்யவும் இடமாக மாற்றிக்கொண்டவர் ஜெஃப்ரி பாவா. பாவா என்ற பெயர் நம் ஊரில் பழகிய பெயர்தான். அவருடைய அப்பா வழியில் முஸ்லிம் ரத்தமும் ஆங்கில ரத்தமும் உண்டு, அம்மா டச்சு பர்கர் வம்சம். ஆசியாவின் பெரிய கட்டடக் கலைஞர்கள் யார் யார் என்று எந்த நாட்டு மாணவரைக் கேட்டாலும் அவர் பெயர் பட்டியலில் வரும்.

அவர் பிறந்தது 1919 ஜூலை 23. அப்பா பெஞ்சமின் பாவா கொழும்பில் பேர்பெற்ற வழக்கறிஞர். பையனுக்கு நாலு வயதாகும் முன்னரே இறந்துவிட்டார். வசதிக்குக் குறைவில்லை. கொழும்பு ராயல் கல்லூரி, பிறகு 1938-இல் கேம்பிரிட்ஜ், அங்கே ஆங்கில இலக்கியம், அதன்பின் லண்டனில் சட்டம். அப்பா போன வழியிலேயே பாரிஸ்டர் ஆகி, போர் முடிந்ததும் 1946-இல் ஊர் திரும்பி, கோர்ட்டுக்குப் போகத் தொடங்கினார். அந்த வேலை அவருக்கு ஒட்டவில்லை. அம்மாவும் அந்தச் சமயத்தில் இறந்துபோக, வக்கீல் அங்கியைக் கழற்றி வைத்துவிட்டு இரண்டு வருடம் கீழ்த்திசை நாடுகள், அமெரிக்கா, ஐரோப்பா என்று சுற்றினார். இத்தாலியிலேயே ஒரு வீடு வாங்கித் தங்கிவிடலாமா என்றுகூட நினைத்தார். அது கைகூடவில்லை. 1948-இல் திரும்பி வந்து, பெந்தோட்டைப் பக்கம் ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கினார். லுணுகங்கை என்று பெயர்.

அங்கே அவருக்கு ஆசை எல்லாம் தோட்டம் போடுவதில். மரத்தை வெட்டி ஏரி தெரிகிறமாதிரி செய்ய வேண்டும், வீட்டின் வாசலைத் திருப்ப வேண்டும், மேட்டைக் கரைக்க வேண்டும். மனதில் இருப்பதைச் செய்ய கைக்குத் தொழில் தெரியவில்லை. அதற்காகத்தான் கட்டடக் கலை படிக்கப் போனார். கொழும்பில் எட்வர்ட்ஸ், ரீட் அண்ட் பெக் என்ற பழைய நிறுவனத்தில் முதலில் பயிற்சி. பிறகு லண்டன். தேர்ச்சி பெற்று வந்தபோது 1957, வயது 38. நம்மில் பலர் அந்த வயதில் இனி என்ன புதிதாக என்று முடிவு கட்டியிருப்போம். அவர் பயிற்சி எடுத்த அதே நிறுவனத்துக்குப் பங்காளியாகத் திரும்பி வந்தார்.

இனி நம் விஷயத்துக்கு வருவோம்.

கொழும்பு 3, பாகட்டேல் ரோடு. அதிலிருந்து பிரியும் 33-ஆவது லேன் ஒரு குறுகலான சந்து. சந்தின் கடைசியில் ஒரே வரிசையில் நாலு சின்ன பங்களாக்கள். பங்களா என்றதும் பெரிதாக நினைக்காதீர்கள், நம்ம ஊர் வரிசை வீடுகள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். 1958-இல் பாவா மூன்றாவது வீட்டை எடுத்தார். ஒரு கூடம், ஒரு படுக்கையறை, மிகச் சின்ன சமையலறை, வேலையாளுக்கு ஓர் அறை. தனி ஆளுக்கு அவ்வளவு போதும். சனி ஞாயிறுக்குத்தான் லுணுகங்கை இருக்கிறதே.

கொஞ்ச நாளில் கடைசி வீடு, நாலாவது, காலியானது. அதையும் எடுத்துச் சாப்பாட்டுக்கூடமாகவும் இன்னொரு வரவேற்பறையாகவும் ஆக்கினார். இப்படியே காத்திருந்து காத்திருந்து, சுமார் பத்து வருடத்தில் முன்னால் இருந்த இரண்டு வீடுகளும் அவர் கைக்கு வந்தன. சந்து வாசலில் இருந்த முதல் வீட்டை மட்டும் இடித்துவிட்டு அந்த இடத்தில் நாலு அடுக்கில் ஒரு கோபுரம் மாதிரி எழுப்பினார். கீழே கார் நிற்க இடம். மேலே ஏற ஏறத் தங்கும் அறைகள். உச்சியில் திறந்த மொட்டைமாடி, அங்கிருந்து பார்த்தால் கொழும்பின் கூரைகள் தெரியும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒரே தடவையில் பிளான் போட்டு, பூஜை போட்டு, கிரகப்பிரவேசம் செய்த வீடு இல்லை அது. பத்து வருடத்துக்குத் துண்டு துண்டாக வளர்ந்தது. வழக்கமாக அப்படி வளரும் வீடு எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். ஒரு அறைக்குள் நுழைந்து இன்னொரு அறை, அதற்குள் இருட்டு, அதற்குள் ஒரு பரண். பக்கத்துப் பக்கத்து வீடுகளைச் சுவரை உடைத்துச் சேர்த்தால் நடுவில் இருக்கும் அறைகளுக்கு ஜன்னலே இல்லாமல் போய்விடும். பகலிலும் டியூப்லைட் போட வேண்டும்.

பாவா அதற்குச் செய்த வைத்தியம், இருந்த இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூரையைத் திறந்துவிட்டது. எல்லா இடத்தையும் அறையாக்க அவர் ஆசைப்படவில்லை. இங்கே ஐந்தடி, அங்கே எட்டடி என்று வானம் தெரியும் சின்னச் சின்னத் திறப்புகள். வீட்டின் நீளத்துக்கு ஒரு வெள்ளை நடை போகிறது. நடையின் முடிவில் எப்போதும் ஒரு வெளிச்சம் நிற்கும். அது மேலே இருந்து இறங்கும் வெளிச்சம். ஓரிடத்தில் சின்னக் குளம் மாதிரி ஒரு தொட்டி, அதன் அருகே பழைய மரத்தூண்கள். அந்தத் தூண்கள் எங்கிருந்து போனவை தெரியுமா? நம் செட்டிநாட்டிலிருந்து. பெரிய வளவுகளை இடித்து விற்ற காலத்தில் கடல் கடந்து போன தூண்கள். முற்றம் வைத்துக் கட்டிய வீட்டின் தூண் இன்னொரு முற்றத்துக்கே போய்ச் சேர்ந்தது என்று நினைக்கும்போது எனக்குக் கொஞ்சம் சந்தோஷம், கொஞ்சம் பொறாமை.

திறப்பு சின்னதாக இருந்தாலும் வேலை செய்யும். சூடான காற்று எப்போதும் மேலே போகப் பார்க்கும். மேலே வழி இருந்தால் போய்விடும், அந்த இடத்தை நிரப்பக் கீழே அறைகளிலிருந்து காற்று நகரும். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தை வாங்கி உள்ளே தள்ளும். மழை விழும், விழட்டும், வடிய வழி இருக்கிறது. நம் ஒவ்வொரு பிளாக்கின் நடுவிலும் இதே மாதிரி ஒரு டக்ட் இருக்கிறது, ஞாபகம் இருக்கிறதா? குழாய்கள் இறங்கும் அந்த இடம்தான். அதற்குப் பார்த்த ஜன்னலைத் தகரம் அடித்து மூடியவர்கள், ஏசியின் வெளிப்பெட்டியை அங்கே மாட்டிச் சூட்டை அதற்குள் விடுபவர்கள், பழைய பேப்பர்க் கட்டை அடுக்கியவர்கள் நம்மில் உண்டு. யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் பாவா கையில் அது கிடைத்திருந்தால் முதலில் சுத்தம் செய்து வெள்ளையடித்திருப்பார்.

அவருக்கு இது தானாகத் தோன்றிவிட்டதா என்றால், அந்தக் காலமும் ஒரு காரணம். 1960-களில் இலங்கையில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடு. கண்ணாடி, இரும்பு, பிற நாட்டுச் சாமான் எதையும் எளிதாக இறக்குமதி செய்ய முடியாது. கிடைப்பது மரம், ஓடு, கல், சுண்ணாம்பு. பெரிய கண்ணாடி ஜன்னல் போட்டு அதற்குள் ஏசி வைத்து வாழும் வழியே கிடையாது. ஆகவே அவரும் கூட்டாளியான டேனிஷ்காரர் உல்ரிக் ப்ளெஸ்னரும் பழைய வீடுகளை அளந்து அளந்து பார்த்தார்கள். முற்றம் ஏன் அந்த அளவில் இருக்கிறது, தாழ்வாரம் ஏன் அவ்வளவு தாழ்வாக இறங்குகிறது என்று கேட்டார்கள். மழை ஒழுகாமல் இருக்க நெளித்தகட்டை அடியில் போட்டு அதன்மேல் நாட்டு ஓட்டைப் பரப்பும் முறையை அவர்கள் நிறையப் பயன்படுத்தினார்கள். பார்க்க ஓட்டு வீடு, உள்ளே சொட்டுத் தண்ணீர் இறங்காது.

எனா டி சில்வா என்ற கலைஞருக்கு 1960-களின் தொடக்கத்தில் கொழும்பு ஆல்பிரட் பிளேஸில் அவர் கட்டித் தந்த வீடு இந்த யோசனைகளுக்கெல்லாம் முதல் பரீட்சை. எனா, இலங்கையில் பாத்திக் துணிக்கலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர். இடம் சின்னது, சுற்றிலும் நகரம். பாவா தெருப் பக்கம் சுவரை எழுப்பிவிட்டு, வீட்டை உள்ளே திருப்பி நடுமுற்றத்தைச் சுற்றி வைத்தார். தெருவில் போகிறவருக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே இருப்பவருக்கு வானமும் மரமும் உண்டு. அந்த வீட்டுக்குக் கிடைத்த மரியாதையைக் கேளுங்கள்: நிலம் கைமாறியபோது, 2009 வாக்கில் கல் கல்லாகக் கழற்றி எண் போட்டு எடுத்துப் போய், லுணுகங்கையில் மறுபடி சேர்த்துக் கட்டினார்கள்.

வேலை எங்கே நடந்தது என்று கேட்பீர்கள். முதல் முப்பது வருடம் வீட்டில் இல்லை. ஆனால் ரொம்பத் தூரத்திலும் இல்லை. பார்த்தலோமியுஸ் என்ற டாக்டருக்காக ஆல்பிரட் ஹவுஸ் ரோட்டில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார். வேலை முடியும் தறுவாயில் டாக்டரின் நிலைமை மாறிவிட, பாவா அதைத் தன் அலுவலகமாக எடுத்துக்கொண்டார். ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள், கருங்கல் பாதத்தின்மேல் நிற்கும் தென்னை மரத்தூண்கள். குடும்பத்துக்கென்று போட்ட பிளான் வரைபடக்காரர்களுக்கும் சரியாக அமைந்தது. 33-ஆவது லேனிலிருந்து அங்கே நடந்தே போய்விடலாம். வீடும் வேலையும் ஒரே பேட்டையில், ஆனால் இரண்டு கூரையின் கீழ். எனக்கு என்னவோ அவர் வாழ்க்கையின் மிகச் சிறந்த ஏற்பாடு இதுதான் என்று தோன்றுகிறது. வேலை முடிந்து நடந்து வரும் அந்தக் கொஞ்ச தூரம் இருக்கிறதே, அதை எந்தப் பிளானிலும் வரைய முடியாது. அந்த அலுவலகம் இப்போது ஒரு கஃபேயாக இருக்கிறது.

அந்த அலுவலகத்தில் 1967 முதல் அவருடைய பங்காளியாக இருந்தவர் ஒரு தமிழ் எஞ்சினியர், பூலோகசுந்தரம். பாவா கனவு காண்பார், அதை நிற்க வைக்கும் கணக்கும் காண்டிராக்டரும் கால அட்டவணையும் பூலோகசுந்தரத்தின் பொறுப்பு. கோட்டையில் ஏரி நடுவே நிற்கும் இலங்கை நாடாளுமன்றம் இந்த ஜோடியின் வேலை. 1982-இல் திறந்தார்கள். பாவா பெயர் தெரிந்த அளவுக்கு இவர் பெயர் தெரியாமல் போனது நியாயமில்லை, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன்.

நம் பக்கத்துக்கும் பாவா வந்திருக்கிறார். 1970-களின் முதல் பாதியில் மதுரையில் மதுரா கோட்ஸ் கம்பெனிக்காக மதுரை கிளப்பை வடிவமைத்தார். நம்ம ஊர் ஹார்வி மில்லின் தாய்க் கம்பெனிதான். பழைய கட்டடங்களை இடித்தபோது கிடைத்த தூண்களையும் கதவுகளையும் தேடி வாங்கி அதில் வைத்தார். சென்னை கன்னிமரா ஹோட்டலை மாற்றி அமைத்ததிலும் அவர் கை உண்டு. செட்டிநாட்டுத் தூண்கள்மேல் அவருக்கு எப்படிக் கண் விழுந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

1989-இல் அவருக்கு 70 வயது. முப்பது வருட நிறுவனத்திலிருந்து விலகினார். எல்லோரும் ஓய்வு என்று நினைத்திருப்பார்கள். அவர் என்ன செய்தார் என்றால், நாலைந்து இளம் கட்டடக் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 33-ஆவது லேன் வீட்டிலேயே வேலையைத் தொடங்கினார். அந்த முட்டுச்சந்து வீடு உண்மையில் வீடும் ஸ்டூடியோவுமாக ஆனது அப்போதுதான். சீகிரியாக் குன்றைத் தூரத்தில் பார்த்துக்கொண்டு, காட்டுக்குள் மறைந்து கிடக்கும் கண்டலம ஹோட்டல், காலியில் கடல் பாறைமேல் நிற்கும் லைட்ஹவுஸ் ஹோட்டல் எல்லாம் இந்தக் கடைசிக் காலத்து வேலைகள். முதல் ஹோட்டல் ஒரு மலைமுகட்டை ஒட்டி ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குப் போகிறது. அவ்வளவு பெரிய கட்டடத்தை யோசிக்க இந்தச் சின்னச் சந்தில் இருந்த வீடு போதுமானதாக இருந்தது.

அது எப்படி முடிந்தது? நாலு வீட்டைச் சேர்த்த வீடு என்பதால், வாசலிலிருந்து உள்ளே போகப் போக வீட்டின் குணமே மாறிக்கொண்டு வரும். முன்பக்கம் வருகிறவர்களுக்கு, பின்பக்கம் அவருக்கு. இடையில் கதவைவிட முக்கியமானது அந்தத் திறந்த வெளிகள். ஒரு முற்றத்தைச் சுற்றிப் போனால் சத்தம் குறைந்துவிடும், மனசும் இடம் மாறிவிடும். பூட்டுப் போட்ட கதவு செய்யாத வேலையை நாலடி வெட்டவெளி செய்துவிடும்.

இதே கேள்விக்கு அடுக்குமாடியிலேயே பதில் தேடிய இன்னொருவரும் உண்டு. பாரிஸில் லெ கொர்புசியே தான் கட்டிய அடுக்ககத்தின் மேல் இரண்டு தளங்களை 1934 முதல் 1965-இல் இறக்கும்வரை தனக்கென்று வைத்திருந்தார். ஒரு கோடியில் படம் வரையும் கூடம், மறுகோடியில் வீடு, மேலே மாடித்தோட்டம். சண்டிகர் நகரத்தை வரைந்தவரும் கடைசியில் ஃப்ளாட்டில்தான் குடியிருந்தார் என்பது நமக்கெல்லாம் ஓர் ஆறுதல்.

எல்லாவற்றையும் அப்படியே நம் வீட்டில் செய்துவிடலாம் என்று சொல்லமாட்டேன். பாவா கல்யாணம் செய்துகொள்ளாதவர், பணமும் இருந்தது, வீட்டு வேலைக்கு ஆட்களும் இருந்தார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றும் மாமியார் பார்க்கும் டிவி சீரியலும் அந்த வெள்ளை நடையில் இருந்திருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்று எனக்கும் பார்க்க ஆசைதான். தவிர, அவருடைய நாலு வீடும் தரையில் நின்ற தனி வீடுகள். நம் சுவர்களில் பாதி, மேல்வீட்டின் எடையையும் சேர்த்துத் தாங்குகிற தூணையும் பீமையும் ஒளித்து வைத்திருக்கின்றன. பக்கத்து ஃப்ளாட்டையும் வாங்கிச் சுவரை உடைக்க நினைப்பவர்கள் கட்டட எஞ்சினியரைப் பார்க்காமலும் சங்கத்துக்குச் சொல்லாமலும் உளியைத் தொடாதீர்கள். அதிலும் நம் ஊர் உப்புக்காற்று கம்பியைத் தின்னும் காற்று.

ஆனால் வருகிறவர் செருப்பைக் கழற்றும் இடத்திலேயே வேலை முடிந்து, அதற்கு அப்பால் வீடு தொடங்குமாறு மேஜையை வாசல் அறைக்கு மாற்றுவதற்கு யாருடைய அனுமதியும் வேண்டாம். டியூஷனோ தையலோ, உள்ளறையில் இருப்பதை முன்னால் கொண்டு வந்தால் வீட்டுக்காரர்கள் பின்பக்கம் நிம்மதியாக இருப்பார்கள். டக்ட் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைப்பதற்கும் அனுமதி வேண்டாம். பால்கனியைக் கண்ணாடி வைத்து அறையாக்கும் முன் ஒரு வருடம் பொறுத்துப் பாருங்கள். பாவா நாலாவது வீட்டுக்குப் பிறகு மற்ற இரண்டுக்கும் எத்தனை வருடம் காத்திருந்தார்!

1998-இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் விழுந்துபோயிற்று, பேச்சும் போய்விட்டது. எடுத்திருந்த வேலைகளை இளைஞர்கள் முடித்துக் கொடுத்தார்கள். 2001-இல் வாழ்நாள் பணிக்காக ஆகா கான் கட்டடக்கலை விருதுக் குழு அவருக்குத் தலைவரின் சிறப்பு விருதை அளித்தது. 2003 மே 27-இல் இறந்தார். லுணுகங்கைத் தோட்டத்தில் அவரை எரியூட்டினார்கள்.

33-ஆவது லேன், 11-ஆம் எண் வீட்டை இப்போது அவர் பெயரில் உள்ள அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. முன்கூட்டியே பதிவு செய்தால் உள்ளே அழைத்துப் போய்க் காட்டுகிறார்கள். கொழும்பில் உறவு இருப்பவர்கள் நம் குடியிருப்பில் பலர் உண்டு, அடுத்த தடவை போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வாசலில் அவருடைய 1934-ஆம் வருடத்து ரோல்ஸ் ராய்ஸ் நிற்கும். அதில் மயங்கி அங்கேயே நின்றுவிடாதீர்கள். நேரே நடையில் உள்ளே போய், தொட்டிக்குப் பக்கத்தில் நம் ஊர்த் தூண்களைப் பார்த்துவிட்டு, அண்ணாந்து மேலே பாருங்கள்.